முப்பதாயிரத்து முப்பத்தொன்று

பாவாயிக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எண்ணிக்கையில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டவன் நான்.

பரமத்தி வேலூருக்கு மேற்கே, வாய்க்கால் தண்ணீர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பாயும் ஊர் எங்களுடையது. நான் அங்கே ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார். ஊர்த் தபாலும் என் கையில்தான். எழுத்து என்று எது ஊருக்குள் வந்தாலும் அது என் வாய் வழியாகத்தான் போய்ச் சேரும். பாலசுந்தரம் வாத்தியார் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பாவாயி வெற்றிலை அடுக்குகிறவள். நூறு வெற்றிலை ஒரு கவுளி. ஐந்து ஐந்தாக இருபது தரம் எடுத்து வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவளோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே அடுக்குவாள். பிரித்து எண்ணினால் நூறு இருக்கும், தொண்ணூற்றொன்பதும் இருக்காது, நூற்றொன்றும் இருக்காது. வேறொருத்தி கட்டிய கவுளியை மறுபடி எண்ணாமல் அவள் சுமையில் சேர்த்ததே இல்லை. "அவ மேல சந்தேகமில்லீங்க. நானு எண்ணலீங்களே, அதுக்குத்தான்" என்பாள்.

அவள் புருஷன் காத்தான். கோபக்காரன், நல்ல உழைப்பாளி. நாற்பத்தொன்றாம் வருஷம் தண்ணீர் பாய்ச்சும் முறையில் அண்ணன் மாதையனோடு ஒரு சண்டை. மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டுச் சேலத்துக்குப் போனவன், பட்டாளத்தில் கைநாட்டு வைத்துவிட்டான். கோபம் தணிந்து ஊர் ஞாபகம் வந்தபோது கப்பலில் இருந்தான். சிங்கப்பூரிலிருந்து யாரையோ பிடித்து எழுதவைத்து இரண்டு கடிதம் போட்டான். இரண்டிலும் தலைப்பில் அவன் நம்பர் இருந்தது: 30031.

முதல் கடிதத்தை நான் விறுவிறுவென்று படித்து முடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"வெரலை வெச்சுப் படிங்க சாமி. ஒவ்வொண்ணா."

மாட்டிக்கொண்டேன். வீட்டு வெள்ளாட்டையும் அதன் இரண்டு குட்டிகளையும் தனித்தனியாக நலம் விசாரித்து எழுதியிருந்தான். ஆட்டுக்கெல்லாம் வாத்தியார் தொண்டைத் தண்ணீர் வற்ற வேண்டுமா என்று அந்த வரியை விட்டிருந்தேன். விரலை வார்த்தைக்கு வார்த்தை நகர்த்தி மறுபடியும் படித்தேன். முடிந்ததும் "அறுவத்திரண்டு வார்த்தைங்க" என்று சொல்லி, கடிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதைப் படித்தாலும் என் விரல் வரிக்குக் கீழே ஊர்ந்தாக வேண்டும்.

மறு வருஷம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. சித்திரை வெயிலில் அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. நம்பர், பெயர், அதன் பக்கத்தில் ஒரே வார்த்தை.

"காணவில்லைன்னு போட்டிருக்குது" என்றேன்.

"செத்துப் போயிட்டாங்கன்னு போட்டிருக்குதுங்களா?"

"அப்படிப் போடலை."

"உசுரோட இருக்கறாங்கன்னு?"

"அப்படியும் போடலை, பாவாயி."

என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்குப் போக வேறு வார்த்தை இல்லை.

இந்தக் காணவில்லை என்ற ஒரு வார்த்தை அந்தக் குடும்பத்தையே கட்டிப்போட்டது. செத்தவன் என்றால் காரியம் செய்துவிடலாம், ஒரு வருஷம் துக்கம் காக்கலாம். இருக்கிறவன் என்றால் பேச்சே இல்லை. இரண்டும் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு வீட்டில் முகூர்த்தக்கால் ஊன்ற முடியாது. மாதையனுக்குக் கல்யாண வயதில் பொன்னாயி என்று ஒரு பெண் இருந்தாள். மாதையனை நான் குறை சொல்ல மாட்டேன். தம்பி இருக்க வேண்டும் என்றுதான் அவனும் தவித்தான். மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்திருந்தால் போயிருக்க மாட்டானே என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான்.

எங்கள் பக்கத்தில் மிச்சம் பார்ப்பது என்று ஒன்று உண்டு. மாடு காணாமல் போனாலும் மனுஷன் காணாமல் போனாலும், கருப்பணார் கோயில் முன்னால் ஒரு கை கொள்ளு அள்ளி, இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சினால், போனது எங்கேயோ நிற்கிறது. ஒன்றும் மிஞ்சாவிட்டால், தீர்ந்தது. நான் படித்தவன், இதைப் பார்த்துச் சிரிக்கிறவன். ஆனாலும் என் சைக்கிள் காணாமல் போனபோது ஒரு கை அள்ளிப் பார்த்தவனும் நான்தான்.

பாவாயி கைப்பிடிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கையில எத்தனை வருதோ அது என்ற அதிர்ஷ்டங்க. அவுங்களுக்குன்னு சர்க்கார் ஒரு எண்ணு குடுத்திருக்குது. அத்தனை கொள்ளும் எண்ணி வெச்சுத்தான் பாக்கோணும்" என்றாள்.

ஊர் ஒத்துக்கொண்டது. முந்நூறு நூறும் அதற்கு மேல் முப்பத்தொன்றும் எண்ணிச் சாமி முன்னால் குவித்தார்கள். அவ்வளவும் ஒரு படிக்குள் அடங்கிவிட்டது. காத்தான் ஆறடி ஆள், அந்தக் குவியலைப் பார்த்தபோது எனக்கே என்னவோ போல இருந்தது. விடிகாலையில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து இரண்டிரண்டாகத் தள்ளினார்கள். ஒன்று மிஞ்சியது. மாதையன் கையெடுத்துக் கும்பிட்டான். "மூணாலயும் பாத்துருங்க, எதுலயும் தீரக் கூடாது" என்றார் ஒரு பெரியவர். மூன்றாலும் ஒன்று மிஞ்சியது. நாலு என்றார் இன்னொருவர். "ரெண்டுலயே ஒத்தை நின்னுபோச்சு. நாலுல எப்படிங்க தீரும்?" என்று பாவாயி மறுத்துவிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை வந்தவன் ஒருத்தனுக்கும் இது தானாகத் தோன்றியதில்லை. ஐந்தால் தள்ளினார்கள், ஏழால் தள்ளினார்கள். இரண்டிலும் ஒன்று மிஞ்சியது.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சிலேட்டை வரவழைத்தேன். பதினொன்றால் வகுத்தேன். மீதி ஒன்று. பதிமூன்றால் வகுத்தேன். மீதி ஒன்று. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆறு எண்கள், ஆறிலும் மீதி ஒன்றே ஒன்று. இப்படி ஓர் எண்ணை நான் கண்டதேயில்லை.

"இது பகா எண்" என்று எழுந்து நின்று சொன்னேன். "எந்த எண்ணாலும் இது தீராது. எத்தனை தரம் தள்ளினாலும் மிச்சம் நிற்கும்."

பாவாயி முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்க முடியாது. ஊர் என்னை மறக்க விடவும் விடாது.

நான் செய்தது என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஓர் எண்ணைப் பகா எண் என்று சொல்ல, சிறிய பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துக்கொண்டே போக வேண்டும். எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டுகிறதோ, அங்கேதான் நிறுத்தலாம். முப்பதாயிரத்து முப்பத்தொன்றுக்கு நூற்று எழுபத்து மூன்று வரை போக வேண்டும். இதைப் பாதியில் நிறுத்திய பையன்களின் விரல்முட்டியில் அடித்தவன் நான். அன்றைக்கு நான் நிறுத்தியது பதிமூன்றில். வெயில், பசி, இத்தனை பேர் வாயைப் பிளந்து பார்க்கிறார்களே என்ற குஷி. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

காத்தான் இருக்கிறான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. பாவாயி நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். கொள்ளை ஒரு மண்கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டித் தன் வீட்டு உறியில் தொங்கவிட்டாள்.

ஆனால் வேறொருத்தர் கட்டிய கவுளியை மறுபடி எண்ணாமல் சேர்க்கத் தெரியாதே அவளுக்கு. மத்தியானம் கொடிக்கால் வேலை முடிந்ததும் கலயத்தை இறக்கி, சாணி மெழுகிய தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். ஒரு நாள் தபாலாபீசுக்கு வந்து, "பதினேழுக்கு ஒம்போது மிஞ்சுதுங்க" என்றாள்.

"நான்தான் தீராதுன்னு சொல்லீட்டேனே, அப்புறம் எதுக்குப் பாவாயி இந்தப் பாடு?"

"நானு எண்ணலீங்களே சாமி."

பத்தொன்பதுக்குப் பதினொன்று மிஞ்சியது. இருபத்துமூன்றுக்குப் பதினாறு. ஒவ்வோர் எண்ணையும் இரண்டு மூன்று தரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வந்து சொல்வாள். எந்த எண் வேண்டும், எது வேண்டாம் என்பதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். இருபத்தொன்றைத் தொடவில்லை, இருபத்தேழைத் தொடவில்லை. மாதக்கணக்கில் இது நடந்தது. ஒவ்வொரு மிச்சத்துக்கும் அவள் முகம் தெளிந்துபோகும். நான் ஒரு முறையாவது பென்சிலை எடுத்து அவளுக்கு முன்னால் போய்ப் பார்த்திருக்கலாம். ஒரு மணி நேர வேலை. கௌரவம் தடுத்தது. தீராது என்று சொன்னவன் மறுபடி உட்கார்ந்து வகுத்தால் என்ன ஆவது?

நாற்பத்துமூன்றாம் வருஷம் கார்த்திகையில் ஐம்பத்துமூன்றுக்கு முப்பத்துமூன்று மிஞ்சியதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. சலித்துவிட்டாள் போல, விட்டது தொல்லை என்றிருந்தேன்.

இதற்குள் பொன்னாயிக்கு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயின. எங்கள் ஊர்க் கொள்ளை நம்பி எந்த ஊர்க்காரன் பெண் எடுப்பான்? மூன்றாவதாக மோகனூரிலிருந்து வந்தவர்கள் நல்ல மாதிரி. தங்கள் கண் முன்னால் ஒரு தரம் மிச்சம் பார்த்து ஒத்தை நின்றால் தையிலேயே கல்யாணம் என்றார்கள். மாதையன் சந்தோஷத்தோடு ஓடினான். இரண்டால் தள்ளினால் ஒன்று மிஞ்சத்தானே போகிறது, ஊரே பார்த்ததுதானே.

பாவாயி கலயத்தைச் சுமந்து வந்து கோயில் முன்னால் வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன், கலயத்தின் துணியை அவிழ்க்கக் குனிந்துவிட்டாள். பெண்கள் இரண்டிரண்டாகத் தள்ள ஆரம்பித்தார்கள். குவியல் குறைந்தது, கையளவாயிற்று, பத்தாயிற்று, நாலாயிற்று. கடைசியில் இரண்டு கொள்ளு கிடந்தன. அவற்றை எடுத்த பெண் கையை நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தரையில் ஒன்றும் இல்லை.

மாதையன் வாய்விட்டுக் கத்தினான். மோகனூர்க்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அப்போதுதான் நான் பாய்ந்தேன். பாவாயியைக் காப்பாற்றப் பாய்ந்தேன், இதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

"நில்லுங்க! அது ஒற்றைப்படை எண். இரண்டால் தீரவே தீராது. சாமி சொன்னாலும் தீராது. ஒரு கொள்ளு குறையுது. நூறு நூறா எண்ணுங்க!"

எண்ணினார்கள். முந்நூறு நூறும் முப்பதும். நான் சொன்னது சரி. ஒன்று குறைந்தது. வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன்.

"கலயம் உன்ற ஊட்டுலதான இருந்துச்சு அம்மிணி? ஒண்ணு எங்க போச்சு?" என்றான் மாதையன். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சினான்.

பாவாயி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாந்தான் தின்னுட்டனுங்க மாமா."

"எதுக்கு?"

"அம்பத்தொம்பதுல தீந்துபோச்சுங்க. அஞ்சு தரம் எண்ணிப் பாத்தனுங்க. அஞ்சு தரமும் ஒண்ணும் மிஞ்சலீங்க. ஒண்ணைக் கொறைச்சா மிச்சம் நிக்குமேன்னு… அந்த நிமிசம் அம்பத்தொம்பதுதானுங்க கண்ணு முன்னால நின்னுச்சு. ரெண்டு ஞாபகத்துக்கே வரலீங்க. வாயில போட்டுட்டேன். அப்பறம் வேற கொள்ளு எடுத்துப் போட்டா அது அவுங்களாகுமுங்களா?"

மணலில் விரலால் வகுத்தேன். ஐம்பத்தொன்பது ஐநூற்றொன்பது தரம் போயிற்று. மீதி பூஜ்யம். பெருக்கிப் பார்த்தேன். முப்பதாயிரத்து முப்பத்தொன்று. பகா எண் இல்லை, சாதாரணப் பகு எண். இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்த எண். பதிமூன்றுக்கு அப்புறம் இன்னும் பதினோரு வகுத்தல் செய்திருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் அந்த மணலிலேயே தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அவள் தப்பியிருக்க மாட்டாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று, இந்த ஆறையும் பெருக்கினால் வருவது முப்பதாயிரத்து முப்பது. அதற்கு மேல் இருந்த அந்த ஒரு கொள்ளுதான் ஆறு தரமும் மிஞ்சி நின்றது. அதைத் தின்ற பிறகு அந்த ஆறில் எதனால் தள்ளினாலும் குவியல் துடைத்துவிட்டாற்போலத் தீரும். ஐம்பத்தொன்பதிலிருந்து புருஷனைக் காப்பாற்ற அவள் தின்றது, மற்ற ஆறிலும் அவனைத் தீர்த்துவிட்டது.

ஊர் விடவில்லை. யாருடைய மடியிலிருந்தோ ஒரு கொள்ளை வாங்கிச் சேர்த்து, ஐம்பத்தொன்பதால் தள்ளச் சொன்னார்கள். யாரும் கை வைக்கத் துணியவில்லை. பாவாயியே உட்கார்ந்து எண்ணினாள். பொழுது சாயும் வரை எண்ணினாள். ஐநூற்றொன்பது சின்னக் குவியல்கள். மிச்சம் இல்லை. மாதையன் அவளுக்கு முன்னால் மண்ணில் விழுந்து தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த ஐநூத்தி ஒம்போது எதுலயாச்சும் தீருமுங்களா சாமி?"

இந்தத் தரம் கடைசி வரை வகுத்தேன். இரண்டிலிருந்து பத்தொன்பது வரை ஒன்றையும் விடவில்லை. "தீராது. அது பகா எண்தான்."

"கடைசி வரைக்கும் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அன்னிக்கும் பாத்திருக்கலாமுங்க."

மூன்றாம் நாள் காவிரிக் கரையில் காரியம் செய்தார்கள். ஆள் இல்லாததால் அவன் விட்டுப்போன மண்வெட்டியை வைத்துச் செய்தார்கள். பாவாயியின் தாலியை வாங்கிக்கொண்டார்கள். நான் அங்கே நிற்க முடியாமல் வாய்க்கால் வரை போய் நின்றேன். பொன்னாயிக்குப் பார்த்த இடம் ஒரு வருஷம் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. "எல்லாத்துலயும் ஒத்தையா நின்னுது பாருங்க, அந்த ஒண்ணுதானுங்க அவுங்க. நானு தின்னுட்டேன்" என்பாள். அது கணக்கு, பாவாயி, கொள்ளுக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். ஐம்பத்தொன்பதில் முன்னாலேயே தீர்ந்துதானே இருந்தது என்றும் சொல்லிப் பார்த்தேன். "அது எனக்கு மட்டுந்தானுங்க தெரியும். ஊருக்கு அவுங்க நின்னுக்கிட்டுத்தான இருந்தாங்க" என்றாள். தீராது என்று சொன்ன வாய் என்னுடையது. அதே வாயால் ஆறுதல் சொன்னால் அவள் எதை நம்புவாள்? சோறு இறங்காமல் கிழிந்த நாராகிவிட்டாள். கவுளி மட்டும் நூறு தப்பவில்லை.

யுத்தம் முடிந்து நாற்பத்தாறில் ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் தட்டச்சு செய்த நாலு வரி. முதலில் நானே தனியாகப் படித்தேன். படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. 30031, காத்தான், இறந்ததாகக் கருதப்படுகிறது, தேதி பதினைந்து பிப்ரவரி நாற்பத்திரண்டு. முதல் தரம் மிச்சம் பார்த்ததற்கே முந்தின தேதி. அவள் கொள்ளைத் தின்னுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னால். இதைச் சொன்னால் போதும், அவள் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். கோயில் பொய்யாகட்டும், நான் முட்டாளாகட்டும், இவள் பிழைத்துக்கொள்வாள். தேதிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தது. அது வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

கொடிக்காலிலிருந்து ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழ் சொல்லிக்கொண்டே வந்தேன். தேதியில் நிறுத்தினேன்.

"பாத்தியா? சிங்கப்பூர் விழுந்த அன்னிக்கே போயிட்டான். நீ எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே. உன்னால ஒண்ணுமில்லை."

அந்தத் தாளைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ தளர்ந்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு குனிந்து, என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள்.

"உங்க வெரலு நின்ன எடத்துக்கு அப்பறம் இன்னும் அஞ்சு வார்த்தை இருக்குதுங்க சாமி."

"அது சர்க்கார்ல சும்மா போடறது."

"அதையும் படிங்க. அன்னிக்கும் பாதியிலதான் நிறுத்துனீங்க."

ஐந்து வார்த்தையும் படித்தேன். "அல்லது அதற்குப் பின் ஏதாவதொரு நாளில்."

"பொறகுன்னா," என்றாள், "நானு அதைத் தின்ன நாளும் அதுக்குள்ள வருமுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"வரும்" என்றேன்.

தாளை வாங்கி மடித்து, அந்த அறுபத்திரண்டு வார்த்தைக் கடிதத்தை வைத்த மாதிரியே மடியில் செருகிக்கொண்டாள். அடுக்காத வெற்றிலை வாடிவிடும் என்று சொல்லிவிட்டுக் கொடிக்காலுக்குப் போனாள்.